வயரில் கோளாறு இல்லை

பிள்ளைப்பாக்கம் பலராமனுக்கு ராகத்தின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. கல்யாணி என்றால் அவனுக்கு மேலத்தெரு மாவு மெஷின்காரரின் பெண்சாதி. ஆனால் பாடுகிற குரல் சுருதியை விட்டு ஒரு நூல் இறங்கினால் போதும், சோற்றில் கல் கடிபட்டவன் மாதிரி முகத்தைச் சுளிப்பான். பதினைந்து வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் தேர், தெருக்கூத்து என்று எல்லாவற்றுக்கும் மைக் செட் கட்டியதில் அவன் காது பழுத்துவிட்டது. பழுத்த காதால் ஒரு மனுஷனுக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டால், ஒரு லாபமும் இல்லை, நஷ்டம்தான் என்று நான் சத்தியம் பண்ணுவேன். பக்கத்திலிருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் தை மாதம் கம்பெனிக்காரர்கள் நான்கு நாள் கர்நாடக சங்கீத விழா நடத்தினார்கள். ஒரகடம் போகிற வழியில், அதுவரை முள்ளும் பனையும் வயலுமாகக் கிடந்த பக்கத்தில், மோட்டார் வண்டிக்கு உதிரி பாகம் செய்கிற தொழிற்சாலை அப்போதுதான் எழும்பியிருந்தது. ஒரு ஷிஃப்ட்தான் ஓடியது. மீதி இடம் காலி. காலி இடத்தில் பந்தல். அந்தப் பந்தல் நின்ற இடத்தில் பாதி, முந்தின வருஷம் வரைக்கும் பலராமன் நெல் நட்ட இடம்.

நட்டும் போல்ட்டும் செய்கிறவர்களுக்குச் சங்கீதம் எதற்கு என்று ஊரில் கேட்டார்கள். காரணம் ரொம்பச் சின்னது. முதலாளியின் மனைவி வைதேகி அம்மாள் பாடுவார். மெட்ராஸ் சபாக்கள் அவருக்கு மத்தியானம் சாப்பாட்டு வேளையில், கேண்டீன்காரர் மட்டும் விழித்திருக்கிற நேரத்தில் இடம் கொடுத்துவந்தன. இங்கே சொந்தப் பந்தல். கடைசி நாள் மாலை நான்கு மணி அவருடையது. முதல் மூன்று நாள் பெரிய வித்வான்களை வரவழைத்தது, நான்காம் நாளுக்கு ஒரு கௌரவம் வேண்டுமே என்றுதான்.

மைக் வேலையை மெட்ராஸ் ஆளுக்குக் கொடுக்காமல் பலராமனுக்குக் கொடுத்தவர் பர்சனல் ஆபீசர் இராமச்சந்திரன். அதற்கும் காரணம் இருந்தது. நிலம் வாங்கும்போது வீட்டுக்கு ஒரு வேலை என்று சொல்லித்தான் வாங்கினார்கள். வாங்கின பிறகு, உற்பத்தி லைன் ஓடட்டும் பார்க்கலாம் என்றார்கள். ஊர் ஜனங்கள் கம்பெனி கேட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். சத்தத்தை அடக்க முதலில் மூன்று பேருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

"பலராமா, உன் வயர்மேன் சர்டிபிகேட் ஃபைல்ல இருக்கு" என்றார் இராமச்சந்திரன். "எலக்ட்ரிகல் செக்‌ஷன்ல ஒரு இடம், பர்மனென்ட். விழாவை நல்லபடியா முடிச்சுக் குடு. கடைசி நாள் அம்மா கச்சேரி முடிஞ்சதும் மேடையிலேயே அம்மா கையால மூணு பேருக்கு ஆர்டர். அன்பு, சுபாஷ், நீ."

பலராமன் இதை வீட்டில் வந்து சொன்னபோது அவன் பெண்சாதி சின்னப்பொண்ணு நம்பவில்லை. "ஆர்டர நீ கண்ணால பாத்தியா?"

"டைப் அடிச்சு வச்சிகிறாங்கோ. சாரே சொன்னாரு."

"நம்ம நெலத்த வாங்கசொல்லோவும் அந்த சாரேதான சொன்னாரு" என்றாள். சொன்னாளே தவிர, மறுநாள் காலை அவனுக்கு முன்னால் குளித்துவிட்டுக் கிளம்பி நின்றாள். மேடைக்குப் பின்னால் வித்வான்களுக்கு வெந்நீரும் பாலும் எடுத்துக் கொடுக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று அவளையும் சேர்த்திருந்தார்கள்.

மேடைக்கு முன்னால் உட்கார்கிறவர்களுக்குச் சங்கீதம் வேறு, பின்னால் நிற்கிறவர்களுக்கு வேறு. முன்னால் இருப்பவர்கள் பல்லவியைக் கேட்பார்கள். பின்னால் இருப்பவர்களுக்கு, ஜெனரேட்டர் இருமுகிறதா, ஜமக்காளத்தின் மடிப்பில் வித்வான் கால் தடுக்குமா, படுதா மைக்கில் உரசுமா, இதே கவலை. முதல் நாள் மிருதங்கக்காரர் சின்னப்பொண்ணைக் கூப்பிட்டு, "அம்மா, கொஞ்சம் ரவை கிடைக்குமா?" என்றார். மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்பினால்தான் தொப்பி என்கிற அந்தப் பக்கம் பேசும். இவளுக்கு என்ன தெரியும்? பசிக்கிறதாக்கும் என்று ஓடிப்போய்க் கேண்டீனில் ஒரு தட்டு உப்புமா கிண்டிக்கொண்டு வந்துவிட்டாள். மனுஷர் பெரிய மனசுக்காரர். உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் ரவை கேட்டார்.

மூன்று நாளும் பலராமன் ஜமாய்த்தான். சும்மா சொல்லக் கூடாது, அவன் கையில் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர் வீணையாகப் பேசியது. மூன்றாம் நாள் பாடிய வயசான வித்வான் கச்சேரி முடிவில் மைக்கிலேயே, "பாடினது நானா மைக்கான்னு எனக்கே சந்தேகம் வந்துடுத்து. அந்தப் பிள்ளை நன்னா இருக்கணும்" என்று வாழ்த்தினார். பந்தல் நாட்டிய நடேசன் அன்றே பலராமனை "இன்னா எலக்ட்ரீசியன் சார்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். பலராமன் கோபிக்கிற மாதிரி கோபித்தான். உள்ளுக்குள் இனித்தது.

நான்காம் நாள் வைதேகி அம்மாள் மேடை ஏறினார். முதல் வரிசையில் முதலாளி. அவருக்குப் பக்கத்தில் மெட்ராஸிலிருந்து வந்த இரண்டு சங்கீதக்காரர்கள், பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவர் ஒருவர். அவர்களுக்குப் பின்னால் ஆபீஸ் ஜனம், ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே விடாமல் உட்காரவைக்கப்பட்ட தொழிலாளிகள், சுற்று வட்டாரத்து ஊர்க்காரர்கள். பலராமன் மேடைக்குப் பக்கவாட்டில், படுதா ஓரத்தில், பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து பாடுகிறவர் முகமும் தெரியும், முதல் வரிசையும் தெரியும்.

முதல் மூன்று பாட்டு பழுதில்லை. நாலாவதுதான் பெரிய பாட்டு. மேலே ஏற வேண்டிய இடத்தில் குரல் ஏறவில்லை. ஒரு நூல் கீழேயே நின்றுகொண்டது. பலராமன் முகத்தைச் சுளித்தான். இறங்கி வந்து மறுபடி ஏறும்போது இரண்டு நூல். முதல் வரிசைச் சங்கீதக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, உடனே கீழே குனிந்துகொண்டார்கள். விமர்சனக்காரர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அவன் என்ன செய்திருக்க வேண்டும்? சும்மா இருந்திருக்க வேண்டும். சும்மா இருக்கிற வித்தையை மட்டும் நம் ஜனங்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. பலராமனுக்கு அந்த அம்மாள் மேல் இரக்கம் வந்தது. நாலு பேர் முன்னால் ஒரு பொம்பளை அவமானப்படக் கூடாது என்று தோன்றியது. தன் கையில் ஆர்டர் கொடுக்கப் போகிற கை அது, அது சந்தோஷமாகக் கொடுக்கட்டும் என்றும் தோன்றியது. இரண்டும் உண்மை. குரல் மைக்கின் குமிழைப் பிடித்து மெல்லக் குறைத்தான். வயலினையும் சுருதிப் பெட்டியையும் ஏற்றினான். பந்தலில் வயலின் கம்பீரமாக எழுந்தது. அதன் நிழலில் அம்மாளின் குரல் தெரிந்தும் தெரியாமலும் நடந்தது. விமர்சனக்காரர் பேனாவை மூடினார். பலராமன் மூச்சு விட்டான்.

இங்கேதான் அவன் புத்தி சறுக்கியது. அவனிடம் இருந்தது ஒரே ஆம்ப்ளிஃபயர். பந்தலுக்குப் போகிற சத்தமேதான் பாடுகிறவருக்காக மேடையைப் பார்க்க வைத்த ஸ்பீக்கர் பெட்டிக்கும் போகும். கல்யாணத்துக்கும் கூத்துக்கும் கட்டுகிறவனுக்கு அது போதும், அங்கே எவனும் தன் குரலைத் தான் கேட்டுக்கொண்டு பாடுவதில்லை. வைதேகி அம்மாளுக்கோ தன் குரல் திடீரென்று காணாமல் போய்விட்டது. மைக் இறங்கிவிட்டது என்று நினைத்து விரலை உயர்த்தினார். ஏற்று என்று அர்த்தம்.

மைக் செட்காரர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. பாடுகிறவர் ஏற்று என்று கை காட்டினால், குமிழின் மேல் கையை வைத்துத் திருகுகிற மாதிரி பாவனை பண்ணி நிமிர்ந்து பார்ப்பது. பத்துக்கு ஒன்பது பேர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிடுவார்கள். பலராமன் அதைச் செய்தான். வைதேகி அம்மாள் பத்தாவது ஆள். நிஜமாகவே கேட்கவில்லையே, எப்படித் தலையாட்டுவார்? இன்னும் அழுத்திப் பாடினார். அழுத்த அழுத்த சுருதி விலகியது. விலக விலக இவன் குறைத்தான். இவன் குறைக்கக் குறைக்க அவர் கத்தினார். கடைசியில் மேல் ஸ்தாயியில் குரல் பட்டென்று உடைந்து இருமல் வந்துவிட்டது. சின்னப்பொண்ணு வெந்நீரோடு ஓடினாள். அம்மாள் பாட்டை அப்படியே விட்டுவிட்டு மங்களம் பாடி எழுந்துகொண்டார்.

மேடைக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் வைதேகி அம்மாள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி வந்தார், பின்னாலேயே இராமச்சந்திரன். வயலின்காரர் வயலினைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நடந்தது என்ன என்று அவருக்குச் சந்தேகமறத் தெரியும். சுற்றி முடித்த துணியை அவிழ்த்து மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

"மைக்குக்கு என்ன ஆச்சு?" என்றார் முதலாளி. சத்தம் போடவில்லை.

உண்மையைச் சொன்னால் இந்த அம்மாள் இத்தனை பேர் முன்னால் தலை நிமிர முடியாது. மைக் மேல் பழி போட்டால் தன் பிழைப்பின் மேல் தானே மண்ணைப் போட்டுக்கொண்ட மாதிரி. பலராமன் வைதேகி அம்மாளைப் பார்த்தான். அவர் துண்டை விலக்கி இவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. அவருக்குத் தெரியும். சொல்லிவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. இவ்வளவு கெஞ்சுகிற மனசு நன்றி மறக்காது என்று பலராமன் நம்பினான்.

"வயரு லூசு சார். ஜாயிண்ட்டு வுட்டுப்போச்சு. என் தப்புதான்" என்றான்.

"வயரு நல்லா..." என்று சின்னப்பொண்ணு வாயைத் திறந்தாள். பலராமன் முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டாள்.

"ஒரு வயரைப் பார்த்துக் கட்டத் தெரியலை, நீ கம்பெனி கரண்ட்டுல கை வைக்கணுமா?" என்று இராமச்சந்திரன் குதித்தார். வைதேகி அம்மாள் எழுந்து முதலாளியின் காதில் ஏதோ சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

ஆறு மணிக்கு மேடையில் நாற்காலி போட்டார்கள். அதற்கும் பலராமன்தான் மைக். அன்பு பெயரைக் கூப்பிட்டார்கள். சுபாஷ் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது பெயரைக் கூப்பிடவில்லை. அடுத்து நன்றியுரை. வைதேகி அம்மாள் மைக்குக்கு முன்னால் வந்து நின்றார்.

"இன்னிக்கு மைக் நம்மளைக் கொஞ்சம் சோதிச்சிடுச்சு. பரவாயில்லை. கிராமத்துக்காரங்க, தெரிஞ்சதைச் செய்யறாங்க. நாமதான் மன்னிச்சுக்கணும்" என்றார். பந்தல் முழுக்கக் கை தட்டியது. அந்த வார்த்தைகளை ஒரு எழுத்துகூடச் சிதறாமல் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவன் பலராமன். கைத்தொழில் என்பது அப்படிப்பட்ட சனியன். மனசு வெந்தாலும் கை தன் வேலையைச் செய்துவிடும்.

பந்தலைப் பிரிக்கும்போது சின்னப்பொண்ணு வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "இப்ப சொல்லு. வயரு நல்லாத்தான கீது?"

"நல்லாத்தான் கீது. அந்தம்மா சுருதி வுட்டுச்சு. நான் கொறச்சேன்."

"அத அங்கியே சொல்றதுக்கு இன்னா கேடு? உன் வாயாலியே உனக்குக் குழி தோண்டிக்கினியே."

"நாலு பேரு முன்னால எப்டிடி சொல்றது?"

"உன்னிய மட்டும் நாலு பேரு முன்னாலதான சொன்னாங்கோ" என்றாள் அவள். சுருட்டின வயரை அவன் காலடியில் போட்டுவிட்டு நடந்துவிட்டாள்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு பலராமனின் பெட்டிகள் வீட்டு மூலையில் கிடந்தது உலகத்துக்குத் தெரியாது. கூட்டம் என்றால் போலீஸ் வரும், மைக் என்றால் போலீஸ் வரும் என்று ஜனங்கள் பயந்தார்கள். கல்யாணத்தைக்கூடச் சத்தமில்லாமல் முடித்துக்கொண்டார்கள். ஆடியில் பலராமன் கான்ட்ராக்ட் கூலியாக அதே கம்பெனிக்குள் போனான், கேபிள் புதைக்கப் பள்ளம் வெட்ட. மேலே நின்று கேபிளை இழுத்துவிட்டவன் சுபாஷ், எலக்ட்ரிகல் செக்‌ஷன், பர்மனென்ட். நல்ல பையன். பலராமன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு, "பாத்துண்ணா, கல்லு கீது" என்று மட்டும் சொல்வான்.

மார்கழி பாதியில் இராமச்சந்திரன் ஜீப்பில் வீடு தேடி வந்தார். இந்த முறை விழா மார்கழிக் கடைசியிலேயே. "பலராமன்தான் மைக் போடணும், வேற யாரும் வேணாங்கறாங்க அம்மா. உன்னை நேர்ல பார்க்கணுமாம்."

சின்னப்பொண்ணின் முகம் பத்து மாதத்துக்குப் பிறகு மலர்ந்தது. "அந்தம்மாவுக்கு மனசு உறுத்தி இருக்கும்யா. வேலையப் பத்திக் கேளு. வாய்ல கொழுக்கட்டைய வச்சிகினு நிக்காத" என்று சொல்லி, பெட்டியில் இருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

கெஸ்ட் ஹவுஸில் வைதேகி அம்மாள் பாட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். இராமச்சந்திரன் வாசலில் நின்றுகொண்டார்.

"வாங்க பலராமன். அன்னிக்கு வயர்ல கோளாறு இல்லை. எனக்குத் தெரியும்."

பலராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியுமாம்மா?"

"பாடறவளுக்குத் தெரியாதா? இந்த சீசன்ல மெட்ராஸ்ல ரெண்டு கச்சேரி. ரெண்டு மைக் செட்காரங்களும் குரலை அப்படியே தூக்கி வச்சுட்டாங்க. பேப்பர்ல வாய்க்கு வந்தபடி எழுதிட்டான். உங்களுக்கு இருக்கிற காது அவங்களுக்கு இல்லை. இந்தத் தடவை எனக்கு மட்டும் மேடையில தனியா ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு பெட்டி வச்சுடுங்க. எனக்கு என் குரல் கேட்டா போதும். வெளியில எப்படிக் கேக்கணும்கறதை நீங்க பாத்துக்குங்க."

"செய்யலாம்மா." பலராமன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "அந்த வேலை ஆர்டரு..."

"அதை நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார் அவர். கூச்சப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "யோசிச்சுப் பாருங்க. கச்சேரியைக் கெடுத்தவனுக்கே அதே மேடையில வேலை குடுத்தா நாலு பேர் என்ன கேப்பாங்க? அப்போ தப்பு மைக் மேல இல்லையான்னுதானே? நீங்க எனக்காக ஒரு பொய் சொன்னீங்க. அதை நானும் காப்பாத்த வேண்டாமா?"

கேலிக்குச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மனசார நம்பிச் சொன்னார்.

"இப்பனா குடுக்கலாமேம்மா. வருஷம் ஆவப்போவுது."

"எலக்ட்ரிகல் செக்‌ஷன் ஃபுல்லுன்னு சொல்றார் இராமச்சந்திரன். அதனாலென்ன? வருஷா வருஷம் விழா இருக்கே. மைக் உங்களுக்குத்தான்."

வெளியே ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதியது. அது ஓய்ந்ததும் பலராமன் சொன்னான்.

"வர்றேம்மா. ஆனா ஒண்ணு. உங்க கொரலு எப்டி வருதோ அப்டியே வுடுவேன். ஏத்தவும் மாட்டேன், எறக்கவும் மாட்டேன்."

வைதேகி அம்மாள் நோட்டைத் திறந்து விட்ட பக்கத்தைத் தேடினார். "இராமச்சந்திரன், மைக் மெட்ராஸ்லேருந்தே வரட்டும்" என்றார்.

சின்னப்பொண்ணு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. கிடைக்க இருந்த நாலு நாள் வேலையையும் கெடுத்துக்கொண்டு வந்தவனிடம் என்ன பேச?

மெட்ராஸ் ஆட்கள் லாரியில் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஊர் ஜனங்களும் கேட்டுப் பயன்பெறட்டும் என்று கம்பெனி மதில்மேல் பிள்ளைப்பாக்கத்தைப் பார்க்க இரண்டு குழாய் ஸ்பீக்கர் வேறு. கடைசி நாள் மாலை பலராமன் வாசலில் உட்கார்ந்து யாருடையதோ ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். சின்னப்பொண்ணு துணி மடித்துக்கொண்டிருந்தாள். காற்று இந்தப் பக்கம் அடித்தது. வைதேகி அம்மாளின் குரல் பக்கத்து வீட்டில் பாடுகிற மாதிரி கேட்டது.

பெரிய பாட்டு வந்தது. மேலே ஏற வேண்டிய இடம் வந்தது. குரல் ஒரு நூல் இறங்கி நின்றது. அப்புறம் இரண்டு நூல். மெட்ராஸ்காரர்கள் எதையும் மறைக்கவில்லை, அப்படியே ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். பலராமன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். இப்போது தெரிந்துவிடும், தான் எதைக் காப்பாற்றினோம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் கிளம்பியது. பந்தலே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி, நிற்காமல், ஒரு நிமிஷத்துக்கும் மேல் தட்டினார்கள். போன தையில் அவன் குமிழைத் தொடாமல் இருந்திருந்தாலும் இதே ஜனம் இதே கையைத் தட்டியிருக்கும். அம்மாளும் சந்தோஷமாக எழுந்து மூன்று ஆர்டரையும் கொடுத்திருப்பார்.

சின்னப்பொண்ணு மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தானயா பாடுது அந்தம்மா?" என்றாள். "இதுக்கா நீ வயரு லூசுன்னு சொன்ன?"